எழுதித் தந்த மருந்துக்குச் சான்று எவ்வளவு என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா?

சேத்துப்பட்டு

2021 மே முதல் வாரம், கொரோனா இரண்டாம் அலை. அந்த நாட்களை விவரிக்க வேண்டியதில்லை, எல்லோருமே ஏதோ ஒரு வரிசையில் நின்றிருப்போம். நான் நின்றது கீழ்ப்பாக்கத்தில், கொரோனாவுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி கவுண்டருக்கு. அக்கா வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் 88க்கு இறங்கிவிட்டது, மருத்துவமனையில் 6 குப்பி எழுதிக் கொடுத்து "எப்படியாவது கொண்டு வந்துடுங்க" என்றார்கள். ராத்திரி 11 மணிக்குப் போனேன். ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு விடியற்காலையில் போன் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு, கவரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வரிசையை விட்டுப் போய்விட்டார். நான் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன். அந்த ஓர் அடி இன்னும் உறுத்துகிறது.

மாமா பிழைத்துவிட்டார். பல மாதம் கழித்துத்தான் அப்போதைய தேசிய சிகிச்சை வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். ரெம்டெசிவிருக்கு மேலேயே போட்டிருக்கிறது: குறைவான சான்றுகளின் அடிப்படையில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும் என்று. உலக சுகாதார நிறுவனமோ 2020 நவம்பரிலேயே வேண்டாம் என்றிருக்கிறது. எங்களிடம் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. வேலையே செய்யாத மருந்துக்காக அந்தப் பெண் தன் வீட்டுக்காரரின் கடைசி ராத்திரியைத் தெருவில் கழித்திருக்கிறார்.

காவேரிமகள்

எங்கள் அம்மாவுக்கு ஆஸ்பிரின். சர்க்கரை, பிரஷர் உண்டு, ஆனால் அட்டாக் வந்ததில்லை, ஸ்டென்ட் இல்லை. ஏதோ ஒரு முகாமில் "ரத்தம் உறையாம இருக்கும்" என்று 75 மில்லிகிராம் ஆரம்பித்தது, பத்து வருடம் சீட்டுக்குச் சீட்டு அப்படியே எழுதிக்கொண்டே வந்தார்கள். 74 வயதில் ஒரு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஹீமோகுளோபின் 6. அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதை எதுக்காக ஆரம்பிச்சாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பத்து வருடமாக தினமும் காலையில் அம்மா கையில் அதை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

19,114 பேரை வைத்து ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018இல் வந்தது. ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களுக்கு ஆஸ்பிரினால் பலன் தெரியவில்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் 2.8 சதவீதத்திலிருந்து 3.8க்குக் கூடியது. அது வந்த பிறகும் அம்மா சீட்டில் அந்த வரி மாறவில்லை.

முன்னாள் ஹவுஸ்சர்ஜன்

சேத்துப்பட்டு, உங்கள் கோபம் நியாயம். ஆனால் "வேலையே செய்யாத மருந்து" என்று அந்த வழிகாட்டி சொல்லவில்லை. சான்று எவ்வளவு உறுதி என்பது ஒன்று. உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நாலு படி. பரிந்துரை எவ்வளவு வலு என்பது வேறொன்று, திட்டவட்டமா, நிபந்தனையோடா. 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது நிபந்தனையோடு கூடிய "வேண்டாம்", அதுவும் குறைந்த உறுதியுள்ள சான்றை வைத்து. பலன் இல்லை என்று நிரூபணமாகவில்லை, பலன் இருப்பதாக இதுவரை தெரியவில்லை என்று அவர்களே எழுதினார்கள். 2022இல் அதே நிறுவனம் நடத்திய சாலிடாரிட்டி ஆய்வின் இறுதி முடிவு வந்தபோது, வென்டிலேட்டருக்குப் போகாமல் ஆக்சிஜனில் மட்டும் இருந்தவர்களில் மருந்து பெற்றவர்கள் 14.6 சதவீதம், பெறாதவர்கள் 16.3 சதவீதம் இறந்திருந்தார்கள். சின்ன வித்தியாசம்தான், ஆனால் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் பாருங்கள், 2020 ஜூனிலேயே பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு வந்துவிட்டது, வென்டிலேட்டரில் இறப்பு 41.4இலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. அந்த மலிவான ஊசிக்கு யாரும் ராத்திரி வரிசையில் நிற்கவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் செய்ததையும் சொல்கிறேன். 90களின் கடைசி, தலைக்காய வார்டு. பைக்கில் விழுந்த பையனுக்கு ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் அப்பா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே "இது போட்டா பொழைச்சிடுவானா சார்?" என்றார். "வீக்கம் குறையும், நல்லது" என்றேன். சீனியர் சொன்னார், புத்தகத்தில் இருந்தது, சந்தேகமே வரவில்லை. 2004இல் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த கிராஷ் ஆய்வு வந்தது, 10,008 பேர். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9. பையன் மூன்றாம் நாள் இறந்திருந்தான். அது மருந்தாலா காயத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியாது.

வைகைக்கரை

ஸ்டீராய்டு என்றாலே பயப்பட வேண்டாம். என் மனைவிக்கு 31 வாரத்தில் வலி வந்தது, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. நான் "ஸ்டீராய்டா?" என்று இழுத்தபோது டாக்டரம்மா உட்காரக்கூட இல்லை, "குழந்தை நுரையீரலுக்குங்க, இதுல யோசிக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வாங்கினார். மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு போட்டுப் பார்த்த ஆய்வை நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் வெளியிட்டது 1972இல், பரவலாக எல்லோரும் போடத் தொடங்க இருபது வருடத்துக்கு மேல் ஆனது என்று பிறகு படித்தேன்.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், டாக்டரிடம் "இது நல்ல மருந்தா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். இதைப் போடாவிட்டால் என்ன ஆகும், நூறு பேருக்குப் போட்டால் கூடுதலாக எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கேளுங்கள். என்னை மாதிரி வயதும் நோயும் உள்ளவர்களிடம் ஆய்வு நடந்ததா என்றும் கேளுங்கள், ஏனென்றால் வேறு மாதிரி ஆட்களிடம் நடந்திருந்தால் அதற்கே சான்றின் உறுதியை ஒரு படி இறக்குவார்கள். சீட்டில் பழைய மாத்திரை இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் காட்டி எதற்கு என்று கேளுங்கள். காவேரிமகளும் அப்போதே கேட்டிருக்கலாம்.

காவேரிமகள்

கேட்டிருக்கலாம் என்பது எனக்கும் தெரியும் சார். அதனால்தான் இங்கே எழுதினேன். இதைப் படித்துவிட்டு, அட்டாக் வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் யாரும் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அவர்கள் கதை வேறு.

சேத்துப்பட்டு

ஹவுஸ்சர்ஜன் சார், திருத்தியதற்கு நன்றி. அந்த ஆக்சிஜன், வென்டிலேட்டர் வரியை நாலு முறை படித்தேன். மாமா ஆக்சிஜனில் மட்டும்தான் இருந்தார். அந்தப் பெண்ணோடு ராத்திரி ஒரு மணி வாக்கில் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். "நேத்து சாயங்காலமே வென்டிலேட்டர் வச்சிட்டாங்க, இந்த ஊசி மட்டும் கிடைச்சிட்டா போதும்" என்றார்.