ஔவையார் பாட்டு என்றால் எந்த ஔவையார்?

தொகுப்பாளர்:
பள்ளி இலக்கிய மன்றத்துக்காக ஔவையார் பாடல்களைக் காலவரிசையில் தொகுக்கிறோம். புறநானூறு, ஆத்திசூடி, விநாயகர் அகவல் மூன்றிலும் ஆசிரியர் பெயர் ஒன்றேதான். பாடியவர் ஒருவரா, பலரா? ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் எதை வைத்துப் பிரிப்பது? தனிப்பாடல்களை எங்கே சேர்ப்பது?

பழஞ்சுவடி:
ஒருவர் இல்லை. பாட்டு எந்த நூலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். சங்க ஔவையார் பாட்டு மொத்தம் 59: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இவற்றுக்கு வெளியே அந்தப் பெயரில் எது கிடைத்தாலும் ‘சங்கப் பாடல்’ என்று போடாதீர்கள்.

இவர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர். நெல்லிக்கனி பெற்றதை அவரே புறம் 91இல் சொல்கிறார். அஞ்சி இறந்தபின் பாடிய கையறுநிலை (இரங்கற்பா) புறம் 235, ‘சிறியகட் பெறினே’. புறம் 99இல் பரணன் பாடியதைக் குறிக்கிறார். பரணர் காலத்தவர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். பொதுவாக 12ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார்கள். நல்வழியின் 40ஆம் வெண்பாவே போதும்: ‘தேவர் குறளும்’ என்று தொடங்கி மூவர் தமிழ் (தேவாரம்), கோவை, திருவாசகம், திருமூலர் சொல் என்று அடுக்குகிறது. தேவாரமும் திருவாசகமும் ஓதியவர் அஞ்சியின் கையால் நெல்லிக்கனி வாங்கியிருக்க வழியே இல்லை.

யாப்புவழி:
யாப்பை மட்டும் நம்பினால் சறுக்கும். சங்க ஔவையார் பாட்டு ஆசிரியப்பா, மூதுரையும் நல்வழியும் வெண்பா என்பது சரி. ஆனால் விநாயகர் அகவலும் ஆசிரியப்பாதான்! அங்கே சொல்லைப் பாருங்கள்: குண்டலி, அசபை, மூலாதாரம், சுழுமுனை. எல்லாம் யோகநூல் சொற்கள். பிள்ளையார் வழிபாடே சங்கத் தொகைகளில் இல்லை. ஔவைக்குறளின் 310 குறளிலும் இதே யோகப் பேச்சு. இவ்விரண்டையும் மூன்றாவது ஔவையார் ஒருவருக்குத் தருவாரும் உண்டு, நீதிநூல் பாடியவருக்கே தருவாரும் உண்டு. முடிவாகாத இடத்தில் நாமாக முடிவு கட்டாமல், தனித் தலைப்பில் வைப்பதே நேர்மை.

திரட்டு:
தனிப்பாடல்களைக் காலவரிசைக்குள் நுழைக்கவே வேண்டாம், பின்னிணைப்பில் போடுங்கள். பாரி மகளிர் திருமணக் கதையைப் பாருங்கள். தனிப்பாடலில் மணம் முடித்துவைப்பவர் ஔவையார், பெண்கள் பெயர் அங்கவை, சங்கவை. புறநானூற்றிலோ அவர்களை விச்சிக்கோனிடமும் (200) இருங்கோவேளிடமும் (201, 202) அழைத்துச் சென்று மணந்துகொள்ளக் கேட்பவர் கபிலர். பெண்களின் பெயர் அங்கே எங்குமே இல்லை. இரண்டையும் ஒரே வாழ்க்கை வரலாறாகத் தைத்தால் கபிலர் காணாமல் போய்விடுவார்.

இணையத்தில் தேடும்போது ஒன்று: பலர் ‘ஔ’ என்ற ஓரெழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடுபொறிக்கு வேறு வேறு. ஔவை, ஒளவை, அவ்வை என மூன்று வடிவிலும் தேடுங்கள்.

தொகுப்பாளர்:
மிக்க நன்றி. கபிலர், நக்கீரர் பெயரிலும் இதே குழப்பம் வருமா?

பழஞ்சுவடி:
வரும், ஆனால் பிரிப்பது எளிது. பதினோராம் திருமுறையில் இருப்பவர்கள் கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், நக்கீரதேவ நாயனார். ‘தேவ நாயனார்’ என்று கண்டால் பிந்தியவர். திருமுருகாற்றுப்படையில் மட்டும் கவனம்: பத்துப்பாட்டிலும் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. அதைப் பத்துப்பாட்டின் நக்கீரர் கணக்கில் வையுங்கள். கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி பிந்திய நக்கீரதேவ நாயனாருடையது.