தெருவில் நடந்த திருட்டைப் பற்றிய உறுதியான செய்தியைக் காவல் நிலையத்திலிருந்து பெறுவது எப்படி?

கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென் மாவட்டம் ஒன்றில், ஒரே ஒரு காவல் நிலையம் உள்ள பேரூராட்சியில் குடியிருக்கிறோம். சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்த வாரத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக இரண்டு பூட்டிய வீடுகளில் இரவில் பின்கதவை நெம்பித் திருடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் பீரோவில் இருந்த நகை போயிற்று. இன்னொன்றில் பித்தளைப் பாத்திரங்களும் தண்ணீர் மோட்டாரும் போயின. காவலர்கள் வந்தார்கள், கைரேகை எடுத்தார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அதன் பிறகு விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நகையைப் பறிகொடுத்த அம்மாவின் கையில் இருப்பது மனு ரசீது மட்டுமே.

செய்தி எதுவும் வராததால் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவுகள் ஓடத் தொடங்கிவிட்டன. ‘வேனில் ஒரு கும்பல் வந்து இறங்கியிருக்கிறது’, ‘வீட்டு வாசலில் சுண்ணாம்பால் அடையாளம் போடுகிறார்கள்’ என்றெல்லாம் யாரோ பேசியதை ஆளுக்கு ஆள் அனுப்புகிறார்கள். சென்ற வாரம் போர்வை விற்க வந்த வடமாநில இளைஞர் ஒருவரை எங்கள் தெருப் பையன்கள் நிறுத்தி, அவருடைய ஆதார் அட்டையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தப் போர்வை விற்பவர் நடுங்கிக்கொண்டு நின்றதை நான் என் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். நான் குறுக்கிட்ட பிறகே அவரை விட்டார்கள். இப்போது இரவில் கம்புடன் சுற்றி வருவதாகவும் பேசிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரில் உண்மையில் என்ன நடந்தது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்ற செய்தியைக் காவல் நிலையத்திலிருந்து முறையாகக் கேட்டுப் பெற வழி உண்டா? தெரு இளைஞர்கள் ரோந்து செல்வது சரியா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பேசுவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்

வணக்கம் அம்மா. கொடை வாரத்தில் திருட்டு நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சிறிய காவல் நிலையத்தில் திருவிழா பந்தோபஸ்து என்றால், பாரா நிற்பவரையும் எழுத்தரையும் தவிர ஏறத்தாழ எல்லோரும் கோயிலைச் சுற்றித்தான் நிற்பார்கள். மக்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலில் இருப்பார்கள். திருடுபவனுக்கு இது இரண்டும் தெரியும். ஆகவே அடுத்த கொடைக்கும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

வெளியூர் செல்பவர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால், அந்த வீட்டை இரவு ரோந்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. செய்பவர்களும் ‘ஊருக்குப் போகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதவு எண், தெரு, புறப்படும் நாள், திரும்பும் நாள், சாவி யாரிடம் இருக்கிறது, இரவில் எந்த விளக்கு எரியும், எந்த உறவினர் வந்துபோவார் என்ற அத்தனையையும் எழுத்தில் கொடுங்கள். ரோந்துக் காவலர் இரவு இரண்டு மணிக்கு அந்த வீட்டைக் கடக்கும்போது, விளக்கு எரிவது வழக்கமா, ஆபத்தா என்று அவருக்குத் தெரிந்தால்தான் உள்ளே எட்டிப் பார்ப்பார். தெருவில் யார் வீட்டுச் சுவரிலாவது ‘பட்டா புத்தகம்’ எனப்படும் ரோந்துக் குறிப்பேட்டை வைக்க ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். காவலர் வந்து நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால், ரோந்து உங்கள் தெருவுக்குள் வந்ததா இல்லையா என்பது காலையில் உங்களுக்கே தெரிந்துவிடும். சில இடங்களில் புத்தகத்துக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் ஸ்கேன் செய்கிறார்கள்.

செய்தி கேட்பதைப் பற்றிச் சொல்கிறேன். விசாரணையில் இருக்கும் வழக்கில் யார் மீது சந்தேகம், எந்த ஊரில் தேடுகிறார்கள் என்பதைக் காவல் நிலையம் சொல்லாது, சொல்லவும் கூடாது. சொன்னால் நகையை உருக்கிவிடுவான். ஆனால் எந்த நேரத்தில் நடந்தது, எந்த வழியாக உள்ளே வந்தான், எதைக் கருவியாகப் பயன்படுத்தினான், இது போன்றது அக்கம்பக்க ஊர்களிலும் நடந்திருக்கிறதா என்பவற்றை ஆய்வாளர் தாராளமாகச் சொல்லலாம். அவற்றைச் சொன்னால் மக்கள் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுவார்கள். உங்கள் பகுதியைச் சுற்றிவரும் பொறுப்புள்ள பீட் காவலர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தனிப்பிரிவுக் காவலர் ஒருவரும் நிலையத்தில் இருப்பார். ஊரில் என்ன பேச்சு ஓடுகிறது என்று மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது அவர் வேலை. சுண்ணாம்பு அடையாளம் பற்றிய குரல் பதிவை அவருக்கு அனுப்பினால், அது எங்கே கிளம்பியது என்று விசாரித்து, பொய்யென்றால் பொய்யென்று காவல்துறையே அறிவிக்க வழி பிறக்கும். மாவட்டக் காவல்துறையின் முகநூல், எக்ஸ் பக்கங்களில் வரும் அறிவிப்பை மட்டும் குழுவில் பகிருங்கள்.

கம்புடன் சுற்றுவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொதுமக்களைக் காவல்துறையுடன் இணைக்கும் நோக்கத்தில் 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பையே, 2020இல் சாத்தான்குளத்தில் காவலர்கள் பிடித்துச் சென்ற தந்தை, மகன் காவலில் இறந்த பிறகு தமிழ்நாடு அரசு தடை செய்தது. அதிகாரம் இல்லாதவர் அதிகாரம் செலுத்தினால் எங்கே போய் முடியும் என்ற கவலை அந்த முடிவின் பின்னே இருந்தது. உங்கள் பையன்கள் கண்ணால் பார்க்கட்டும், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும், 112க்கு அழைக்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

பதில் 2: மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்

நகையைப் பறிகொடுத்தவர் கையில் மனு ரசீது மட்டும் இருக்கிறது என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சி.எஸ்.ஆர். எனப்படும் அந்த ரசீது, புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே; அது வழக்குப் பதிவு ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலிருந்து தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2013இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அந்தச் சட்டம் சில குற்றங்களுக்குப் பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது மூன்று ஆண்டுகளும் அதற்கு மேலும், ஏழு ஆண்டுகளுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். வீட்டுக்குள் திருடுவதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரையிலும், திருடுவதற்காக இரவில் கதவை உடைத்து நுழைவதற்கு 331ஆம் பிரிவில் பதினான்கு ஆண்டு வரையிலும் தண்டனை இருக்கிறது. ஆகவே ‘விசாரித்துவிட்டுப் பதிவு செய்கிறோம்’ என்ற பதிலை அந்த அம்மா ஏற்க வேண்டியதில்லை.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் புகாரை அனுப்பலாம். புதன்கிழமை குறைதீர் நாளில் நேரிலும் கொடுக்கலாம். அதன் பிறகும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் செல்லலாம்.

செயலாளர் கேட்ட ‘உறுதியான செய்தி’க்கும் இதுவே வழி. முதல் தகவல் அறிக்கைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், போக்சோ போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டத்தையும் நிலையத்தையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். உங்கள் ஊரில் இந்த மாதம் பதிவான திருட்டு வழக்குகள் எவை என்பதைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். பதிவே செய்யாமல் ரசீதோடு நிறுத்தினால் அந்தத் திருட்டு இந்தக் கணக்கில் வராது. பக்கத்துத் தெருக்காரருக்கும் தெரியாது, இரண்டு ஊர்களில் ஒரே முறையில் நடந்திருக்கிறது என்பதும் எழுத்தில் ஏறாது. அந்த ஒரு வழக்கைப் பதிவு செய்ய வைப்பது உங்கள் தெரு முழுவதற்குமான பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன்.

பதில் 3: திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து

ஆதார் அட்டையைப் படம் பிடித்த செய்தியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியிருந்தபோது, போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்காகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்தை ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். முதியவளான ஒரு தாய் அங்கே இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்தவர்களே. தம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியே கையை ஓங்கினார்கள். பிறகு அந்த வீட்டுப் பெண்கள் நீதிமன்றத்துக்கும் சிறைக்குமாக அலைந்தார்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பும் நிலை வந்தது. உங்கள் தெருவில் எடுத்த ஒரு படம் அவ்வளவு தூரம் போகாது என்று யாரும் சொல்ல முடியாது. குழுவின் நிர்வாகி அந்த ஆதார் படத்தை எல்லோருக்கும் அழித்துவிட வேண்டும். அந்தப் போர்வை விற்பவரை மீண்டும் கண்டால் அவரிடம் யாராவது ஒருவர் வருத்தம் தெரிவியுங்கள். திருடன் பின்கதவை நெம்பி வந்தான். இவர் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று குரல் கொடுத்து விற்றவர்.

கேள்வி கேட்டவர்

படத்தை இன்று காலையே நீக்கச் சொல்லிவிட்டேன், நிர்வாகியும் நீக்கிவிட்டார். மனு ரசீது பற்றி அந்த அம்மாவிடம் சொன்னபோது, வழக்கு என்று போனால் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டுமே என்று தயங்கினார். நாங்கள் இரண்டு பேர் உடன் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம். இன்னொரு செய்தி: தெருமுனையில் சங்கச் செலவில் கண்காணிப்புக் கேமரா வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே பயன்படுமா?

பதில் 4: கேமரா பொருத்தும் தொழிலில் இருப்பவர்

பயன்படும் அம்மா, ஆனால் வாங்கி மாட்டுவதோடு வேலை முடியாது. காவலர்கள் பதிவைக் கேட்டு வரும் நாளில் நான் அடிக்கடி காண்பது, ஹார்டு டிஸ்க் எப்போதோ பழுதாகிக் கிடப்பதும், பதிவுப் பெட்டியின் கடிகாரம் முக்கால் மணி நேரம் முன்னும் பின்னுமாக ஓடுவதும்தான். நேரம் தவறாக இருந்தால், எந்த வண்டி எந்தக் கேமராவை எப்போது கடந்தது என்று கோத்துப் பார்க்க முடியாது. கேமராவை மிக உயரத்தில் வைத்தால் தலை உச்சிதான் தெரியும். தெருவிளக்குக்கு நேர் எதிரே வைத்தால் இரவில் வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு கேமரா முகம் தெரியும் உயரத்திலும், இன்னொன்று வண்டி எண் தெரியும் கோணத்திலும் இருக்கட்டும். யார் வீட்டு மின்சாரம், யார் வாரம் ஒரு முறை பார்ப்பது என்பதை மாட்டுவதற்கு முன்பே கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள். எவர் வீட்டுக் கதவுக்குள்ளும் பார்வை போகாதபடி திருப்பச் சொல்லுங்கள். சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. பதிவைத் தெருக் குழுவில் போடாதீர்கள்.

பதில் 5: மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்

கேமராப் பதிவைக் காவலரிடம் கொடுக்கும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதைக் கொடுக்கக்கூடிய ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். நாளை அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேரலாம். அந்த அம்மாவின் தயக்கத்துக்கு ஒரு வார்த்தை: திருட்டு வழக்கில் புகார்தாரர் மாதந்தோறும் நீதிமன்றம் வர வேண்டியதில்லை. சாட்சி சொல்ல அழைப்பாணை வரும் நாளில் வந்தால் போதும். நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும் வரை காத்திராமல் நீதிமன்றத்தில் மனுச் செய்து இடைக்காலமாகத் திரும்பப் பெறவும் முடியும். அதற்கு நகையின் ரசீதோ, அதை அணிந்திருக்கும் படமோ இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.