சில்லா கல்லறைகள், அணுக்கழிவு, சனநாயகம்: மூன்றையும் ஒரே ஆய்வில் வைக்கலாமா?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். கொழும்பில் அரசறிவியல் முதுமாணி செய்கிறேன். தலைப்பு தென் கொரியாவின் சனநாயகமயமாதல். 1987 ஜூன் போராட்டம், நேரடி சனாதிபதித் தேர்தல் என்று எல்லாரும் எழுதியதையே திருப்பி எழுத மனமில்லை. தேடிக்கொண்டு போனதில் கியோங்ஜு என்ற ஊரில் வந்து நிற்கிறேன். சில்லா அரசின் பழைய தலைநகர், ஊர் நடுவிலேயே புல் மூடிய அரச கல்லறை மேடுகள், 2000இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். அதே ஊர் 2005 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து, அணுக்கழிவுக் கிடங்கு எங்களுக்குத்தான் வேண்டும் என்று 89.5 வீதம் வாக்களித்து, வேறு மூன்று இடங்களோடு போட்டி போட்டு வென்றும் இருக்கிறது! மேற்பார்வையாளர் "இது மூன்று ஆய்வு, ஒன்றை எடு" என்கிறார். எனக்கு ஒரே கதையாகத்தான் படுகிறது. வாதாட முடியுமா, இல்லை வலிந்து கட்டுகிறேனா?

மண்வெட்டி:
வலிந்து கட்டவில்லை தங்கச்சி, இணைப்பு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கியோங்ஜுவில் அத்திவாரம் வெட்டினால் ஏதாவது கிளம்பும், கிளம்பினால் வேலை நிற்கும். 90களில் அதிவேக ரயில் பாதையை நகரத்துக்கு வெளியே தள்ளினார்கள். குதிரைப் பந்தயத் திடலுக்கு எடுத்த காணியில் பழைய சூளைகள் வந்தன, அந்தத் திட்டமும் போய்விட்டது. வீடு எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. பெருமை நாட்டுக்கு, நட்டம் காணிக்காரனுக்கு. அனுராதபுரத்தில் பழைய நகரத்தைக் காக்க ஆட்களை எழுப்பிப் புதுநகருக்கு அனுப்பியதை நினைத்தால் நமக்கு விளங்கும். அப்படிப் பல வருடம் புழுங்கிக்கொண்டிருந்த ஊரிடம் 300 பில்லியன் வொன்னும் அணுமின் நிறுவனத்தின் தலைமையகமும் தருகிறோம் என்றால் வேறென்ன சொல்வார்கள்? அந்த ஆத்திரத்தை ஆய்வின் நடுவில் வையுங்கள், மற்ற இரண்டும் தானாக வந்து சேரும்.

தெமட்டகொடையான்:
காசு கொடுத்து வாங்கிய வாக்கைச் சனநாயகம் என்று எழுதப் போகிறீர்களா மிஸ்? பூவானில் இருந்து தொடங்குங்கள். 2003இல் அந்த ஊர் நிர்வாகத் தலைவர் ஆட்களிடம் கேட்காமல் கிடங்குக்கு விண்ணப்பம் போட்டார், மாதக்கணக்கில் தெருவில் போராட்டம், அவருக்கு அடியும் விழுந்தது. 2004 பெப்ரவரியில் மக்கள் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள், அரசு ஏற்கவில்லை, ஆனால் 90 வீதத்துக்கும் மேல் எதிர்ப்பு, திட்டம் செத்தது. என்னைக் கேட்டால் சனநாயகம் நடந்தது அங்கே. அதற்குப் பிறகு அரசு பாடம் படித்து, ஊர்களை ஒன்றோடொன்று ஏலத்தில் நிறுத்தியது. கியோங்ஜு 89.5, குன்சான் 84.4, யோங்டோக் 79.3, போஹாங் 67.5. ஆகக் கூடிய வீதம் எடுத்த ஊருக்குப் பரிசு என்றால் எதிர்க்கிறவன் ஊருக்கே துரோகி ஆகிவிடுவான். முன்கூட்டியே போட்ட தபால் வாக்குகளின் தொகை பற்றி அப்போதே பெரிய சர்ச்சை, அதையும் பாருங்கள்.

நமக்கு அந்த ஏலம்கூட இல்லை. 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள், அப்புறம் கொழும்புக் குப்பையைப் புத்தளம் அறுவக்காட்டுக்கு அனுப்பினார்கள். புத்தளத்து ஆட்கள் எத்தனை நாள் கத்தினார்கள், யாராவது வாக்குச்சீட்டு நீட்டினார்களா?

கதிர் சேர்:
ஒரு விசயத்தைக் குழப்ப வேண்டாம். கியோங்ஜு ஆம் சொன்னது குறைந்த, நடுத்தரக் கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவுக்கு மட்டும்: கையுறை, மேலங்கி, வடிகட்டி, கழற்றிய உதிரிப்பாகம். அதில் அதிகம் கவனிக்க வேண்டியவை சீசியம் 137, ஸ்ட்ரோன்சியம் 90. அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறைய எடுக்கும் காலம், சுமார் 30 வருடம், 300 வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நம்முடைய வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் கட்டி முடிந்தது, கிட்டத்தட்ட அந்தளவு காலம், அதாவது மனிதர் காவல் இருக்கக்கூடிய காலம். எரிந்த எரிபொருள், அதாவது உலையில் பாவித்து முடித்தது, வேறு. அதிலுள்ள புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் மட்டுமே 24,100 வருடம். பூவானில் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவரப் பார்த்துச் சூடு கண்டதால்தான், கிடங்கை ஏற்கும் ஊரில் எரிந்த எரிபொருளுக்கான வசதி கட்டக் கூடாது என்று 2005 சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் கியோங்ஜுவிலேயே இருக்கும் வொல்சொங் அணுமின் நிலையத்தின் எரிந்த எரிபொருள் அந்த வளவுக்குள்தான் கிடக்கிறது, 2020இல் அந்தக் களஞ்சியத்தைப் பெருப்பிக்கவும் தொடங்கினார்கள். வாக்களித்தவனுக்குக் கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்று கேட்டால் உங்கள் கடைசி அத்தியாயம் தயார்.

தொல்லியலுக்கு இதில் இன்னொரு இடமும் உண்டு. கடும் கழிவைக் கண்ணாடியாக உருக்கி அடைக்கிறார்கள், அந்தக் கண்ணாடி ஆயிரக்கணக்கான வருடம் நிற்குமா என்று ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்க முடியாதே. அதனால் பிரான்ஸ்காரர் எம்பியேத் தீவருகே மூழ்கிய ரோமக் கப்பலில் சுமார் 1800 வருடம் கடலுக்கடியில் கிடந்த கண்ணாடியை எடுத்து, உப்புத்தண்ணீர் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளந்தார்கள். கியோங்ஜுவின் ஹ்வாங்னாம் பெருங்கல்லறையிலும் மேற்கிலிருந்து வந்த கண்ணாடிக் கூசா கிடைத்திருக்கிறது, அதுவும் அப்படி நீண்ட காலம் புதைந்து கிடந்த கண்ணாடிதான்.

உல்சான் மச்சான்:
நான் பக்கத்து உல்சானில் பெக்டரியில் வேலை செய்தவன். லீவு நாளில் பொங்கில் கடற்கரைக்குப் போவோம். கரைக்குச் சற்று அப்பால் இருக்கும் பாறைதான் 681இல் இறந்த முன்மு மன்னரின் கல்லறை. கடல்நாகமாகி நாட்டைக் காப்பேன் என்றாராம், இன்றைக்கும் கரையில் பூசை நடக்கும். அதே பொங்கிலில்தான் கிடங்கு, கடல் மட்டத்துக்கு 80 முதல் 130 மீற்றர் கீழே ஆறு கொங்கிறீற்றுத் தாழிகள், ஒரு இலட்சம் பீப்பாய் கொள்ளும், 2015இல் திறந்தது. அடுத்த வருடமே 5.8 நிலநடுக்கம் வந்து உலைகளை நிறுத்தினார்கள், புல்குக்சா கோயிலின் தபோ கோபுரத்துக்கும் சேதம். தெமட்டகொடை அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாக்கு எண்ணியது முழு நகரத்துக்கும், பீப்பாய் வந்தது ஒரு கடலோரக் கிராமத்துக்கு.

வெள்ளவத்தை வாசகி:
எல்லாருக்கும் நன்றி. பூவான், கியோங்ஜு இரண்டையும் பக்கத்தில் வைத்து, "வேண்டாம்" சொல்ல வழி இருந்த ஊர், "ஆம்" சொல்லப் பரிசு வைத்த ஊர் என்று எழுதப் போகிறேன். மரபுரிமைக் கட்டுப்பாடு ஒரு அத்தியாயம். புத்தளம் முன்னுரையில் வரும், கதிர் சேர் சொன்ன களஞ்சியம் கடைசியில். தபால் வாக்கு விபரம் கொரிய மொழியில்தான் இருக்கிறது, யாராவது வாசிப்பீர்களா?

உல்சான் மச்சான்:
கொரிய மொழிப் பரீட்சை எழுதித்தானே வேலைக்குப் போனோம், வாசிப்பேன். சட்ட வசனம் என்றால் கொஞ்சம் மெதுவாக. அனுப்புங்கள்.