திருவண்ணாமலை ஓட்டலுக்கு ஸ்விட்ச்: குடும்பக் குழுவில் ஓர் இரவு

சித்தப்பா: (படம்) ஓட்டலுக்கு நெட்வொர்க் கொட்டேஷன் வந்திருக்கிறது. வைஃபை, கேமரா கேபிள்களையெல்லாம் சேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் மட்டும் ஆறு போட்டிருக்கிறார் டீலர். பிரபு, பார்த்துச் சொல்லப்பா. காலையில் அட்வான்ஸ் கேட்கிறார்.

பிரபு: இப்போது எதுவும் கொடுத்துவிடாதீர்கள் சித்தப்பா. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.

அத்தை: என்ன சாப்பாடு?

பிரபு: அடை அத்தை.

பிரபு: சரி, பார்த்துவிட்டேன். நாலு மாடி, மாடிக்கு 12 அறை. ஒவ்வோர் அறையிலும் சுவரில் பதிக்கிற வைஃபை பெட்டி, மாடிக்கு 4 கேமரா. சரிதானே?

சித்தப்பா: ஆமாம். வராந்தாவில் மூன்று மாட்டினால் போதும் என்றுதான் முதலில் சொன்னார். நான்தான் அறைக்கு ஒன்று கேட்டேன். பழைய லாட்ஜில் இதற்காகவே தினம் ரிசப்ஷனில் சண்டை.

பிரபு: நல்ல வேலை செய்தீர்கள். அறைக்குள் நுழைந்ததும் பாத்ரூம், அதைத் தாண்டித்தான் கட்டில். வராந்தா சிக்னல் இரண்டு சுவரையும் டைல்ஸையும் கடந்து வருவதற்குள் பாதி போய்விடும். ஆனால் அறைக்கு ஒன்று என்று நீங்கள் மாற்றிய பிறகும் ஸ்விட்ச் மாடலை அவர் மாற்றவில்லை. அங்கேதான் இடிக்கிறது.

கதிர்: மாடிக்கு ஒரு ஸ்விட்ச், அதில் கேபிள் சொருக 24 போர்ட் இருக்கிறதே அண்ணா? 12-ம் 4-ம் 16 தானே?

பிரபு: போர்ட் போதும் கதிர். வாட்டைப் பார். இந்தப் பெட்டிகளுக்கும் கேமராவுக்கும் தனியாக பிளக் பாயின்ட் கிடையாது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஸ்விட்ச் கரன்ட் அனுப்பும், பிஓஇ என்பது அதுதான். பெட்டிக்கு அதிகபட்சம் 13 வாட் என்று வை, 12-க்கு 156. ராத்திரியில் தன் விளக்கை எரிக்கும்போது கேமராவுக்கு 8 வாட், நாலுக்கு 32. கூட்டு.

கதிர்: 188. கொட்டேஷனில் ஒரு ஸ்விட்ச்சுக்கு 190 வாட் என்று இருக்கிறது. அப்போ சரியாகத்தானே இருக்கிறது!

மாமா: டிரான்ஸ்பார்மரை முழு லோடில் ஓட்டினால் சித்திரை மாதம் என்ன ஆகும் என்று மின்வாரியத்தில் வேலை பார்த்த என்னைக் கேள் கதிர்.

பிரபு: மாமா சொல்வதேதான். கேபிளில் போகும் சேதாரம் வேறு இருக்கிறது. பிஓஇ-க்கான 802.3ஏஎஃப் விதிப்படி ஸ்விட்ச் முனையில் 15.4 வாட் புறப்பட்டால் மறுமுனைக்கு 12.95 வாட்தான் உத்தரவாதம். அது 100 மீட்டர் கேபிளுக்கான கணக்கு. நம் மாடியில் கேபிள் நீளம் குறைவு, சேதாரமும் குறைவு. அதற்காக 2 வாட் மிச்சத்தை நம்பி ஒரு மாடியை ஓட்ட முடியாது.

சித்தப்பா: லோடு 190 வாட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? எரிந்துவிடுமா?

பிரபு: எரியாது, அது பரவாயில்லை என்றே சொல்லலாம். முன்னுரிமை குறைந்த போர்ட்டுக்கு ஸ்விட்ச் தானாகவே கரன்டை நிறுத்திவிடும். பல மாடல்களில் கடைசி நம்பர் போர்ட்தான் முதலில் போகும். பகலெல்லாம் நன்றாக ஓடும். இருட்டியதும் கேமரா விளக்கு எரியும், 212-ல் வைஃபை போய்விடும். காலையில் ஆள் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

சித்தப்பா: பௌர்ணமி அன்று இப்படி நடந்தால் தொலைந்தேன். கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி வீட்டுக்கு வீடியோ கால் போடுவார்கள். சரி, எத்தனை வாட் வாங்குவது?

பிரபு: மாடிகளுக்கு 250 வாட் மாடல். 188 ஓடினாலும் கால்வாசி மிச்சம் இருக்கும். 370 வாட்டும் கிடைக்கும், 24 போர்ட்டிலும் 15.4 இழுத்தால் வரும் கணக்கு அது. நமக்கு அவ்வளவு தேவையில்லை.

கதிர்: அண்ணா, பக்கத்து ஓட்டல்காரர் 10 ஜி, அதாவது 10,000 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் போடச் சொல்கிறார். அதுதான் எதிர்காலமாம்.

பிரபு: உங்கள் இன்டர்நெட் லைன் எவ்வளவு?

கதிர்: 300 எம்பிபிஎஸ், இரண்டு கம்பெனியில் ஒவ்வொன்று.

பிரபு: இரண்டும் சேர்ந்தாலே 600தான். மாடியிலிருந்து கீழே வரும் இணைப்பு 1,000. கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மாடிக்கு 16, அது கணக்கிலேயே வராது. பௌர்ணமி ராத்திரி நெரிசல் வந்தால் அது இன்டர்நெட் லைனில் வரும், ஸ்விட்ச்சில் வராது. 10 ஜி காசை மூன்றாவது லைனுக்குப் போடச் சொல்.

மாமா: மாடிக்கு ஒரு ஸ்விட்ச் எதற்கு? எல்லாக் கேபிளையும் கீழே ஒரே அறைக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரே யுபிஎஸ், ஒரே ஏசி. வேலை முடிந்தது.

பிரபு: நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன் மாமா. காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நம் கட்டடத்தில் கடைசி அறையிலிருந்து கீழே வர 60 தாண்டாது. இரண்டு 48 போர்ட் ஸ்விட்ச்சிலேயே முடித்திருக்கலாம். சித்தப்பா, மாடிக்கு மாடி கேபிள் இறங்க எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்?

சித்தப்பா: இரண்டு இன்ச் பைப் ஒன்று. மேலே பூச்சும் முடிந்துவிட்டது.

பிரபு: 64 கேபிள் அதில் இறங்காது. அப்போ மாடிக்கு ஒன்றுதான். மாடியிலிருந்து கீழே ஃபைபர் இறக்கிவிடலாம், விரல் தடிமன்கூட இருக்காது. அதற்கு ஸ்விட்ச்சில் ஃபைபர் இணைக்கும் எஸ்எஃப்பி துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஸ்விட்ச்சை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

சித்தப்பா: 201-க்கும் 202-க்கும் நடுவில் ஒரு பலகைப் பெட்டி செய்துவிடலாம் என்று கார்பென்டர் சொன்னார்.

பிரபு: வேண்டவே வேண்டாம். இந்த அளவு மாடலில் விசிறி ஓடும். தலைமாட்டில் ராத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டால் 201-ல் எவரும் தூங்க மாட்டார். மூடிய பலகைக்குள் சூடும் தங்கிவிடும். லிஃப்ட் பக்கம் துணி அடுக்கும் அறை இருக்கிறதே, அங்கே காற்றோட்டம் உள்ள இரும்பு ராக். அதன் மேல் பெட்ஷீட் அடுக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

மாமா: யுபிஎஸ் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடியில் ஸ்விட்ச் அணைந்துவிடும்.

பிரபு: அணைந்தால் ஸ்விட்ச் எழுந்திருக்கவே சில நிமிடம், அதற்குப் பிறகுதான் வைஃபை பெட்டிகள் எழும். பத்து விநாடிக் கரன்ட் கட்டுக்கு ஐந்து நிமிடம் வைஃபை இல்லை.

மாமா: மாடிக்கு ஒரு குட்டி யுபிஎஸ் வைத்தால் பேட்டரி மாற்றியே ஓய்ந்துவிடுவீர்கள். கீழே 3 கேவிஏ ஒன்று வை மாப்பிள்ளை, அதிலிருந்து ஒவ்வொரு ராக்குக்கும் தனி லைன் இழு. ராக்குக்கு எர்த் முக்கியம். அந்த லைனில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அயர்ன் பாக்ஸ் சொருகாமல் பார்த்துக்கொள்.

அத்தை: இவர் ஓய்வு பெற்ற பிறகும் எர்த், எர்த் என்றே பேசிக்கொண்டிருக்கிறார்.

கதிர்: பார்க்கிங் கேட் கேமரா 130 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கும் கேட்டகரி 6 காப்பர் கேபிள்தான் போட்டிருக்கிறார்.

பிரபு: அது எல்லையைத் தாண்டிவிட்டது. திறந்தவெளியில் காப்பர் ஓடினால் இடி மின்னல் நேரத்தில் கேமராவோடு போகாது, ஸ்விட்ச்சையும் பதம் பார்க்கும். ஃபைபர் போடு, உள்ளே இரும்புக் கவசம் இல்லாத ரகமாக வாங்கு. கேட் பக்கம் செக்யூரிட்டி அறையில் கரன்ட் இருக்கிறது, அங்கே ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச்.

கதிர்: கேமராக்களுக்கு மட்டும் மேனேஜ்டு இல்லாத, செட்டிங்ஸ் மாற்ற முடியாத சாதா ஸ்விட்ச் போட்டால் காசு குறையுமே?

பிரபு: ஓட்டலில் அந்தச் சிக்கனம் கூடாது. விருந்தினர் வைஃபை, பில்லிங் கம்ப்யூட்டர், கேமரா மூன்றும் ஒரே கம்பியில் போனாலும் ஒன்றை ஒன்று பார்க்கக் கூடாது. அதற்குத்தான் விலான். விருந்தினருக்குள்ளும் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் 304-காரர் போனில் 305 டிவி தெரியும். இன்னொன்று, யாராவது சொந்த ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் பாயின்ட்டில் சொருகினால் அது கண்டபடி ஐபி கொடுக்க ஆரம்பிக்கும், மாடி முழுக்க நெட் போகும். ஐபி யார் கொடுக்கலாம் என்று காவல் பார்க்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இருந்தால் ஸ்விட்ச்சே அதை அடக்கிவிடும்.

சித்தப்பா: இதெல்லாம் அவர் போட்ட மாடலில் உண்டா?

பிரபு: உண்டு. வாட் மட்டும்தான் குறை. ஆனால் வசதி இருந்தால் போதாது, ஆள் வந்து போட்டுக் காட்ட வேண்டும். அதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆடிட்டர் அக்கா: இப்போதுதான் பார்த்தேன். விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா?

சித்தப்பா: சேர்க்காமல். 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. அதை நாம் கட்டும் ஓட்டல் வரியில் கழித்து இன்புட் எடுத்துக்கொள்ளலாம் என்று டீலர் சொன்னாரம்மா.

ஆடிட்டர் அக்கா: முடியாது சித்தப்பா. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம்தான் வரி, ஆனால் இன்புட் கிடையாது. முன்பு 12 சதவீதம் வாங்கி இன்புட் எடுத்தோமே, அந்தக் கதை முடிந்துவிட்டது. உங்கள் அறை எல்லாமே அந்த வாடகைக்குக் கீழேதான். ஸ்விட்ச்சுக்குக் கட்டும் 18 சதவீதமும் முழுக்க உங்கள் செலவு. கொட்டேஷன்களை வரி சேர்த்தே ஒப்பிடுங்கள்.

சித்தப்பா: போச்சுடா.

பிரபு: சித்தப்பா, அப்படியும் ஒரு ஸ்விட்ச் கூடுதலாக வாங்குங்கள், மாடிக்கு வாங்கும் அதே மாடல். தீபத்தன்று ஒன்று போனால் டீலர் ஊருக்குள் வண்டி எடுத்து வருவதற்கே வழி இருக்காது. செட்டிங்ஸ் ஒரு நகல் கதிர் லேப்டாப்பில் இருந்தால் அவனே மாற்றிவிடுவான்.

ஆடிட்டர் அக்கா: பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்?

பிரபு: நல்ல கேள்வி அக்கா. எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டலில் ஸ்விட்ச்சுகளை இன்டர்நெட் வழியாக நிர்வகிக்கும் கிளவுட் கணக்கை டீலர் தன் மெயிலில் திறந்துவிட்டார். பண விவகாரத்தில் முறைத்துக்கொண்டதும் சொந்த ஸ்விட்ச்சுக்குள்ளேயே இவர்களால் நுழைய முடியவில்லை. எல்லாவற்றையும் ரீசெட் செய்து முதலிலிருந்து போட்டார்கள். கணக்கு ஓட்டல் மெயிலில், கடைசித் தவணை பாஸ்வேர்டு கைக்கு வந்த பிறகு.

சித்தப்பா: சரி, டீலரிடம் பேசிவிட்டேன். 250 வாட் மாடல் ஐந்து, கீழே எல்லா மாடியையும் சேர்க்கும் நடு ஸ்விட்ச் ஒன்று, கேட்டுக்குச் சின்னது ஒன்று. ஸ்பேர் அந்த ஐந்தில் சேர்ந்துவிட்டது.

பிரபு: சேரவில்லை சித்தப்பா. மாடிக்கு நாலு, ரிசப்ஷன் தளத்துக்கு ஒன்று, அதோடு ஐந்து முடிந்தது. ஸ்பேர் ஆறாவது.

சித்தப்பா: சரி, ஆறு. ஆனால் அந்த மாடல் வர மூன்று வாரம் ஆகுமாம். கையில் இருக்கும் 190-ஐயே உடனே தருகிறேன் என்கிறார்.

பிரபு: மூன்றாம் மாடியில் டைல்ஸே இன்னும் ஒட்டவில்லையே. என்ன அவசரம்?

அத்தை: அந்த டைல்ஸ் கலரைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.