அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது எந்தத் தேதியில்? 1863-ஆ, 1865-ஆ?

நெய்தல்:
அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஒரு காலவரிசை அட்டவணை தயாரிக்கிறேன். "அடிமைமுறை ஒழிந்தது" என்ற வரிக்கு நேரே எந்தத் தேதியைப் போடுவது? ஒரு நூலில் 1863 ஜனவரி 1 இருக்கிறது, இன்னொன்றில் 1865 ஜூன் 19, வேறொன்றில் 1865 டிசம்பர். 1863 ஜனவரி 1-இல் அதிபர் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் அவர் கை எட்டாத இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது, அதனால் அன்று ஒருவர்கூட விடுதலையாகவில்லை என்றும் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

ஆவணப்பித்தன்:
ஒரே தேதியைத் தேடுவதால்தான் சிக்கல். இடத்தை முதல் பத்தியில் வையுங்கள். அடுத்து எந்தச் சட்டம், எப்போது அமலுக்கு வந்தது, அதை நிறைவேற்ற அங்கே படை இருந்ததா என்று எழுதிக்கொண்டே போனால் மூன்று தேதிகளும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

1860 கணக்கெடுப்பில் அடிமைகள் 39,53,760 பேர். இதில் ஏறத்தாழ 4,30,000 பேர் ஒன்றியத்தை (லிங்கனின் அமெரிக்க அரசை) விட்டுப் பிரியாத நான்கு எல்லை மாநிலங்களில் இருந்தார்கள்: டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி. பிரகடனம் இவர்களைத் தொடவே இல்லை. டென்னசி முழுவதும், நியூ ஆர்லியன்ஸ் உட்பட லூசியானாவின் 13 மாவட்டங்கள், பின்னர் மேற்கு வர்ஜினியாவான பகுதி, நார்ஃபோக் போன்ற சில வர்ஜினியப் பகுதிகள் ஆகியவையும் விலக்கு பெற்றவை.

எனவே தனித்தனி வரிகள் வேண்டும். வாஷிங்டன் நகரில் 1862 ஏப்ரல் 16. அங்கே உரிமையாளருக்கு ஓர் ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுத்தார்கள், விடுதலையானவருக்கு அல்ல. மேரிலாந்தில் புதிய மாநில அரசியல் சட்டத்தின்படி 1864 நவம்பர் 1. அந்த வாக்கெடுப்பு வெறும் 375 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. போர்முனையில் இருந்த படைவீரர்களின் வாக்குகள் இல்லாவிட்டால் தோற்றிருக்கும். மிசௌரியில் 1865 ஜனவரி 11. டென்னசியில் 1865 பிப்ரவரியில் வாக்காளர்களே ஒழித்தார்கள். கென்டக்கியும் டெலவேரும் கடைசிவரை மறுத்தன. அங்கே நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம்தான் முடித்துவைத்தது.

அந்தத் திருத்தத்திலேயே பலர் தடுமாறுகிறார்கள். 1865 ஜனவரி 31 என்பது பிரதிநிதிகள் சபை 119-க்கு 56 என்று நிறைவேற்றிய நாள். சட்டமானது டிசம்பர் 6, அன்று 36 மாநிலங்களில் 27-ஆவதாக ஜார்ஜியா ஒப்புதல் கொடுத்தது. டிசம்பர் 18 அரசு அறிவிப்பு வந்த நாள். அட்டவணைக்கு டிசம்பர் 6-ஐ எடுங்கள்.

கலங்கரை:
"ஒருவர்கூட விடுதலையாகவில்லை" என்பது தவறு. 1863 ஜனவரி 1 அன்றே, விலக்குப் பட்டியலில் இல்லாத சில பகுதிகள் ஒன்றியப் படையின் கையில் இருந்தன. தென் கரோலினாவின் போர்ட் ராயலைச் சுற்றிய தீவுகளை 1861 நவம்பரில் கடற்படை பிடித்தபோது தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். ஏறத்தாழ 10,000 அடிமைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பிரகடனம் அன்றைக்கே அமலானது. மற்ற இடங்களில் படை முன்னேறிய ஒவ்வொரு மைலும் விடுதலை எல்லையானது.

ஆனால் இதை லிங்கன் ஒருவரின் கையெழுத்தாக மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து. 1861 மே 23 இரவு ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகில் ஏறி வர்ஜினியாவின் மன்றோ கோட்டைக்கு வந்தார்கள். தென் கூட்டமைப்புக்காக (பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசுக்காக) பீரங்கி மேடை கட்டும் வேலையில் வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். "தப்பியோடிய அடிமைகள் சட்டம்" என்ற சட்டத்தின்படி அவர்களைத் திருப்பித் தரச் சொல்லி ஆள் வந்தபோது, கோட்டையின் ஒன்றியத் தளபதி பெஞ்சமின் பட்லர் மறுத்தார்: வர்ஜினியா தன்னை அந்நிய நாடு என்கிறது, அப்படியானால் அமெரிக்கச் சட்டம் அதற்கு எப்படிப் பொருந்தும்? எதிரியின் போர்வேலைக்குப் பயன்பட்டவர்களைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை உண்டு. செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் சட்டங்கள் வந்தன. 1861 ஆகஸ்ட் 6-இல், கிளர்ச்சியின் போர்வேலைக்குப் பயன்பட்ட அடிமைகள்மீது உரிமையாளருக்கு இருந்த உரிமையைப் பறித்த முதல் பறிமுதல் சட்டம். 1862 மார்ச்சில், தப்பி வந்தவர்களைப் படை அதிகாரிகள் திருப்பித் தரக்கூடாது என்ற விதி. 1862 ஜூலை 17-இல், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் படை எல்லைக்குள் வந்தால் விடுதலை என்ற இரண்டாவது பறிமுதல் சட்டம். மூன்று பேர் எடுத்துவைத்த அடியை நாடாளுமன்றம் பின்தொடர்ந்தது என்பதுதான் என் வாசிப்பு.

நெய்தல்:
இருவருக்கும் நன்றி. எல்லை மாநிலங்களை லிங்கன் ஏன் விட்டார்? பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையையும் விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காக்க முடிந்தால் அப்படியே செய்வேன் என்கிறாரே?

ஆவணப்பித்தன்:
பிரகடனம் படைத்தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தில் பிறப்பித்தது. கிளர்ச்சி செய்யாத மாநிலத்தில் அந்த அதிகாரம் செல்லாது. வழக்குப் போட்டால் நிற்காது. கூடவே கென்டக்கி கைநழுவும் என்ற பயமும் இருந்தது. அதனால்தான் 1861-இல் மிசௌரியில் ஒன்றியத் தளபதி ஃபிரெமான்ட் போட்ட விடுதலை ஆணையையும், 1862 மே மாதம் இன்னொரு தளபதி ஹண்டர் போட்டதையும் அவரே ரத்து செய்தார்.

கிரீலி கடிதத்தின் தேதியைப் பாருங்கள்: 1862 ஆகஸ்ட் 22. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 22-இல், பிரகடனத்தின் வரைவை அமைச்சர்களிடம் படித்துக்காட்டிவிட்டார். தோல்விகளுக்கு நடுவே வெளியிட்டால் இயலாமையின் கூக்குரல்போல் ஆகும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்ட் சொன்னதால் காத்திருந்தார். செப்டம்பர் 17-இல் ஆன்டீட்டம் சண்டை, அதையே அந்த வெற்றியாக எடுத்துக்கொண்டு 22-இல் பிரகடனத்தின் முன்னறிவிப்பு. கடிதத்தின் கடைசி வரியில், எல்லா மனிதரும் எங்கும் விடுதலையாக இருக்க வேண்டும் என்ற தன் சொந்த விருப்பம் மாறவில்லை என்றும் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த வரிக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள்.

செங்காந்தள்:
அட்டவணைக்குச் சில சேர்க்கைகள்.

ஜூன் 19 டெக்சாஸுக்கு உரியது. 1865-இல் அன்றுதான் கால்வெஸ்டனில் ஒன்றியத் தளபதி கிரேஞ்சர், அடிமைகள் அனைவரும் விடுதலை என்று அறிவிக்கும் 3-ஆம் எண் பொது ஆணையை வெளியிட்டார். செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று எழுதுவது முழு உண்மை அல்ல. அங்கே நிறைவேற்றப் படை இல்லை. அதை நம்பியே மற்ற மாநில முதலாளிகள் தங்கள் அடிமைகளை டெக்சாஸுக்கு ஓட்டிச் சென்றிருந்தார்கள்.

கென்டக்கி வரியில் 1865 மார்ச் 3-ஐயும் குறியுங்கள். படையில் சேர்ந்த கறுப்பினத்தவரின் மனைவி மக்களுக்கு அன்றைய சட்டம் விடுதலை தந்தது. அந்த ஒரு மாநிலத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 24,000 பேர் சேர்ந்தார்கள், எனவே பிரகடனம் தொடாத மண்ணிலும் திருத்தம் வருமுன்பே பல்லாயிரம் குடும்பங்கள் வெளியே வந்துவிட்டன. எல்லா மாநிலங்களையும் சேர்த்து ஒன்றியப் படையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 1,79,000 பேர்.

டிசம்பர் 6-ஐக் கடைசி வரியாக்காதீர்கள். செரோக்கி, சோக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் ஆகிய பழங்குடி நாடுகளிலும் அடிமைமுறை இருந்தது. செரோக்கிகளில் ஒன்றியத்தை ஆதரித்த பிரிவு 1863-லேயே ஒழித்தது. ஐந்துக்கும் உறுதியான முடிவு 1866 ஒப்பந்தங்களில்தான் வந்தது.

திருத்தத்தின் வாசகத்தை முழுதாகவே போடுங்கள். குற்றத்துக்குத் தண்டனையாக அளிக்கப்பட்டால் தவிர என்று அதில் விலக்கு இருக்கிறது. வேலையில்லாமல் திரிந்தாலே குற்றம் என்று தென் மாநிலங்கள் 1865-66-இல் சட்டம் போட்டன. பிறகு கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டன. அலபாமாவில் அந்தக் குத்தகை 1928 வரை நடந்தது.