புதுப்பிப்பு: லாரி கியர் பாக்ஸ் சத்தம், காரணம் கிடைத்துவிட்டது

அப்பாவின் பழைய லாரி நியூட்ரலில் நிற்கும்போது கியர் பாக்ஸ் உறுமுகிறது, கிளட்ச்சை மிதித்தால் அடங்கிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை மிதிக்கும்போது அதை விடுவிக்க அழுத்தும் பேரிங்) என்றீர்கள். அது இல்லை. ரிலீஸ் பேரிங் போனால் மிதிக்கும்போதுதான் கத்தும்.

கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினிலிருந்து பிரிந்து நின்றுபோவது இரண்டு தண்டுகள்: இன்ஜின் சுற்றை உள்ளே கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட், அதிலிருந்து சுற்றை வாங்கி மற்ற கியர்களுக்குக் கொடுக்கும் கவுண்டர் ஷாஃப்ட். மிச்சம் இருந்தது இன்புட் ஷாஃப்ட் பேரிங்கா, கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கா என்ற கேள்விதான். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் சரக்கோடு ஓட்டிப் பார்த்தோம். கீழ் கியர்களில் எல்லாம் சத்தம், இழுவை கூடக் கூட அதுவும் கூடியது, டாப்பில் போட்டதும் ஏறக்குறைய காணோம். இந்த வண்டியில் டாப் நேர் கியர், இன்ஜின் சுற்று அப்படியே வெளியே போகும், கவுண்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர பாரம் தாங்காது. இதைச் சொன்னதும் வேலூர் மெக்கானிக் அண்ணன், "அப்போ கவுண்டர் பேரிங்தான் தம்பி, கியர் பாக்ஸை இறக்கிடலாம்" என்றார்.

முதலில் ஆயிலை வடித்தோம். அளவு குறைவு, அடியில் இரும்புச் செதில்கள். பாக்ஸின் பின்பக்க சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்து ஆயில் குறைந்ததுதான் பேரிங்கைத் தின்றிருக்கிறது. கியர் பல் எல்லாம் நன்றாக இருந்ததில் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி.

பேரிங்குகளும் சீலும் புதுசு. கியர் ஆயில் தரங்களில் ஜி.எல்.-4 தான் ஊற்றினோம், ஜி.எல்.-5 வகைகள் சில, பித்தளை சின்க்ரோ ரிங்கை (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) அரிக்கும், கவனம். இப்போது ரிவர்ஸில் மட்டும் ஊளை கேட்கிறது, அது பற்கள் சாய்வில்லாமல் நேராக இருக்கும் நேர்ப்பல் கியர், இயல்புதான்.