உறைவிடப் பள்ளி உதவித்தொகை நிதி: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

நீலகிரியில் நாங்கள் படித்த தனியார் உறைவிடப் பள்ளியில் வசதியில்லாத பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நிதி திரட்டுகிறோம்.

கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யப் பள்ளி நிர்வாகம் இசைந்துவிட்டது. சிக்கல் மற்றவற்றில்தான். விடுதிச் சாப்பாடு, ஸ்வெட்டர், ஷூ, சலவை, விடுமுறைக்கு ஊர் போய்வரும் பஸ் செலவு என எல்லாம் பெற்றோர் தலையில் விழுகிறது. வகுப்பே சுற்றுலா போகும்போது ஒரு பிள்ளை மட்டும் விடுதியில் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் உதவித்தொகையா? பத்துப் பேருக்குப் பாதி கொடுப்பதைவிட ஐந்து பேருக்கு முழுச் செலவையும் ஏற்கலாம் என்பது என் கட்சி. குழுவில் எல்லோரும் ஒப்பவில்லை.

எங்கள் அறக்கட்டளைக்கு 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு) உண்டு. (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியே அனுப்புவதே நல்லது.) ஆனால் வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர்கள் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைதான்; இப்போதைக்கு வாங்க இயலாது. கொடுக்கத் துடிப்பவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்!

எஃப்சிஆர்ஏ பதிவு வேலையில் பழக்கமுள்ள ஆடிட்டர் யாரையாவது தெரியுமா? குடும்ப வருமானத்தைப் பிள்ளை கூனிக்குறுகாதபடி எப்படி விசாரிக்கிறீர்கள்? உங்கள் பள்ளி நிதிக்கு எழுதிவைத்த விதிமுறைகள் இருந்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். ஜூன் சேர்க்கைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.